புது லேப்டாப் பழுதா? ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

ஒரு பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில், கவுன்டரில் உட்கார்ந்து ஜாப் ஷீட், அதாவது லேப்டாப்பை வாங்கும்போது என்ன பழுது, என்ன செய்தோம் என்று எழுதித் தரும் தாள், எழுதியவன் நான். இப்போது மதுரையில் சொந்தமாகச் சின்னதாய் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. வாரண்டி முடியாத லேப்டாப்பை யார் கொண்டுவந்தாலும் ஸ்குரூவில் கைவைக்க மாட்டேன். “பில் எங்கே? சர்வீஸ் சென்டரில் கொடுத்த பேப்பர் எங்கே?” என்றுதான் கேட்பேன். முக்கால்வாசிப் பேரிடம் பில் இருக்கும், அந்தப் பேப்பர் இருக்காது. இருந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்க மாட்டார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட வைக்கிற அவசரத்தில்தான் அந்த கவுன்டரே ஓடுகிறது.

சென்ற வருடம் ஒரு கல்லூரி மாணவியும் அவள் அப்பாவும் வந்தார்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். 54,000 ரூபாய் லேப்டாப், மாதத் தவணையில் வாங்கியது. “திரையில கோடு வருதுண்ணே. அங்க கொண்டுபோனா மட்டும் வர மாட்டேங்குது” என்றாள் அந்தப் பெண். மூன்று ஜாப் ஷீட் வைத்திருந்தாள். முதலாவதில் ‘டிஸ்ப்ளே இஷ்யூ, டிரைவர் அப்டேட் செய்யப்பட்டது’. அடுத்ததில் ‘விண்டோஸ் மீண்டும் நிறுவப்பட்டது’. மூன்றாவதில் ‘குறை காணப்படவில்லை’.

நான் மூடியை மெதுவாகத் திறந்து பார்த்தேன். செங்குத்தாக நிற்கும்வரை திரை சுத்தம். அதைத் தாண்டிப் பின்னால் சாய்த்ததும் இடது ஓரத்தில் வெள்ளைக் கோடு, பிறகு துடிப்பு. ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டு வெளி மானிட்டரில் பார்த்தால் படம் தெளிவாக இருந்தது. அப்படியானால் திரையை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளுக்கும் விண்டோஸுக்கும் இதில் வேலையே இல்லை. கீல் வழியாகத் திரைக்குப் போகிற கேபிளிலோ, திரையிலோதான் கோளாறு. சர்வீஸ் சென்டர் மேஜையில் மூடியைப் பாதி திறந்து வைத்துப் பார்த்திருப்பார்கள், கோடு வந்திருக்காது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே பழுது மூன்று பெயரில் எழுதப்பட்டுவிட்டது. காகிதத்தை மட்டும் பார்க்கிற மூன்றாம் மனிதருக்கு அது மூன்று சில்லறைக் குறைகள், மூன்றுமே தீர்க்கப்பட்டவை. அதே பழுது ஒரே வார்த்தையில் மூன்று முறை பதிவாகியிருந்தால், அது தீராத பழுது. நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த மூன்றாம் மனிதர். அவர் உங்கள் லேப்டாப்பைப் பார்க்கும் முன் உங்கள் காகிதத்தைத்தான் பார்ப்பார்.

வாங்கிய முதல் சில நாட்களுக்குள்

பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண், லேப்டாப்பின் அடியில் இருக்கும் எண், பில்லில் இருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். பிறகு பிராண்டின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். கம்பெனியிலிருந்து சரக்கு கிளம்பிய தேதியை வாரண்டி தொடக்கமாகக் காட்டுவது உண்டு. கடையில் நான்கு மாதம் கிடந்த லேப்டாப் என்றால் உங்கள் வாரண்டியில் நான்கு மாதம் காணாமல் போயிருக்கும். பில்லை இணைத்து ஒரு மின்னஞ்சல் போட்டால் திருத்தித் தருவார்கள். பழுது வந்த பிறகு இதற்காக அலைவதைவிட முதல் வாரமே முடித்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். முகவரி ஸ்டிக்கரில் தொடங்கி, சீல் தெரிய, லேப்டாப் ஆன் ஆகித் திரை வரும்வரை நடுவில் நிறுத்தக் கூடாது. கூரியர்காரர் முன்னால் திறந்து பார்க்கிற வசதி இருந்தால் பார்த்த பிறகே ஓடிபி சொல்லுங்கள்.

வாங்கிய சில நாட்களுக்குள் பழுது தெரிந்தால் பல பிராண்டுகள் டிஓஏ (டெட் ஆன் அரைவல், வந்தபோதே பழுது) என்ற முறையில் வேறு லேப்டாப்பே கொடுப்பார்கள். இதற்கான கெடு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ரொம்பக் குறுகியது. அதனால் ‘பார்ப்போம், சரியாகிவிடும்’ என்று ஒரு வாரம் ஓட்டாதீர்கள். சர்வீஸ் சென்டரில் சோதித்து ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துத்தான் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். இந்தக் கட்டத்தில் “சாஃப்ட்வேர் போட்டுத் தர்றோம், ரெண்டு நாள் யூஸ் பண்ணிப் பாருங்க” என்றால், அந்த இரண்டு நாளில் கெடு முடிகிறதா என்று கணக்குப் பாருங்கள். முடிகிறது என்றால் புகாரை அன்றே பதிவு செய்து எண் வாங்கிக்கொண்டு, பிறகு சோதியுங்கள்.

கடைக்காரர் சொல்கிற வழக்கமான பதில்: “வித்ததோட எங்க வேலை முடிஞ்சது, கம்பெனியைப் பாருங்க.” பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்றும் அச்சடித்திருப்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதை ஏற்கவில்லை. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படிக் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அதன் 2(47)-ஆம் பிரிவு சொல்கிறது. பில் கொடுக்காமல் விடுவதும் அதே பிரிவில்தான் வருகிறது. ஆன்லைன் விற்பனைக்கு 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் உண்டு: பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது, தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் தளத்தில் இருக்க வேண்டும். சாட்டில் மணிக்கணக்காகப் பேசுவதை விட்டுவிட்டு நேராக அவருக்கு எழுதுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், வீண் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பழுது என்றதும் புதுசு கொடுத்தே ஆக வேண்டும் என்பது நம் ஊரில் நடைமுறை இல்லை. வாரண்டியில் ரிப்பேர் செய்து கொடுத்து, அது உண்மையாகவே சரியாகிவிட்டால், ஆணையம் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளும். ரிப்பேர் செய்தும் அதே பழுது திரும்ப வருகிறது, அல்லது மாதக்கணக்காக உள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றால்தான் ‘மாற்றிக் கொடு, அல்லது பணத்தைக் கொடு’ என்கிற உங்கள் குரலுக்கு வலு வரும். அந்த வலுவை உண்டாக்குகிற இடம் சர்வீஸ் சென்டர் கவுன்டர்.

கவுன்டரில் நிற்கும்போது

வீட்டிலிருந்து கிளம்பும் முன் பழுதை வீடியோ எடுங்கள். திரைக் கோளாறு, சூடு, தானாக அணைவது எதுவானாலும், ஓடிக்கொண்டிருக்கும்போதே தேதியும் நேரமும் தெரியும்படி. தானாக அணைந்து எழும் லேப்டாப்பாக இருந்தால் விண்டோஸுக்குள், நடந்ததையெல்லாம் பதிவாகக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். முறையாக அணையாமல் மறுபடி எழுந்த ஒவ்வொரு தடவையும் ‘கர்னல்-பவர் 41’ என்று ஒரு பதிவு விழுந்திருக்கும். ரிலையபிலிட்டி மானிட்டர் என்று தேடினால் எந்த நாளில் என்ன முடங்கியது என்று நாள்வாரியாகச் சிவப்புக் குறியோடு வரும். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸை மறுபடி போட்டுவிட்டால் இந்தப் பதிவுகள் எல்லாம் போய்விடும். பல கவுன்டர்களில் முதலில் செய்கிற வைத்தியமே அதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

உங்கள் ஃபைல்களை வெளியே நகல் எடுத்துவிடுங்கள். கூடவே, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது 48 இலக்க எண். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் கிடைக்கும். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றியதும் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி இல்லாமல் படிப்பு ஃபைல், கல்யாண போட்டோ எல்லாம் போய் அழுத ஆட்களை கவுன்டரில் பார்த்திருக்கிறேன்.

லேப்டாப்பைக் கொடுக்கும் முன் மேல், அடி, நான்கு ஓரம், கீல், திரை, கீபோர்டு என்று எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஜாப் ஷீட்டில் ‘பொருளின் நிலை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பெரும்பாலும் காலியாக விடுவார்கள், அல்லது பழக்கதோஷத்தில் ‘கீறல்கள் உண்டு’ என்று எழுதிவிடுவார்கள். பத்து நாள் கழித்து “தண்ணி பட்டிருக்கு சார், வாரண்டி கிடையாது” என்று போன் வந்தால், அந்தக் கட்டம்தான் உங்களைக் காப்பாற்றும். ‘வெளிச்சேதம் இல்லை, ஈரம் பட்ட அடையாளம் இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். திறந்து பார்க்காமல் உள்ளே ஈரமில்லை என்று எழுத முடியாது என்பார்கள், அது நியாயம். அப்படியானால் உங்கள் எதிரிலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளிநிலையையாவது எழுதச் சொல்லுங்கள்.

பழுதை எழுதும் இடத்தில் ‘டிஸ்ப்ளே பிராப்ளம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க விடாதீர்கள். எப்போது, எப்படி வைத்தால், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று வரவேண்டும். அந்த மாணவிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: ‘மூடியைச் செங்குத்துக்கு மேல் சாய்த்தால் இடது ஓரத்தில் வெள்ளைக் கோடு. வெளி மானிட்டரில் படம் சரி. இதே பழுதுக்காக இதற்கு முன் மூன்று முறை கொடுக்கப்பட்டது.’ மூன்று பழைய எண்களையும் பக்கத்தில் போட்டோம். கவுன்டரில் இருந்தவர் இவ்வளவு எழுத இடமில்லை என்றிருக்கிறார். அவள் அதையே மின்னஞ்சலாகச் சர்வீஸ் சென்டருக்கு அங்கேயே நின்று அனுப்பிவிட்டு, அந்த மின்னஞ்சலைப் பார்க்கவும் என்று ஒரு வரி மட்டும் ஷீட்டில் எழுதி வாங்கினாள். கெட்டிக்காரப் பிள்ளை. அந்த முறை கேபிளை மாற்றினார்கள். மாற்றியது ஷீட்டிலும் ஏறியது.

திருப்பி வாங்கும்போது எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். ‘குறை காணப்படவில்லை’ என்று கொடுத்தால் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். ‘பழுது தொடர்கிறது, வீடியோ உள்ளது, எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாளைப் படம் எடுங்கள். பேனா உங்கள் கையில் இருக்கும்போது யாரும் தடுக்க முடியாது.

இந்தக் காலம் முழுக்க வெளிக் கடையில் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. நானே வெளிக் கடைக்காரன்தான், இருந்தாலும் சொல்கிறேன். ராம் கூட்டுவதாக இருந்தால்கூட, கம்பெனிக்கு எழுதி அனுமதி கேட்ட பிறகு செய்யுங்கள். தவணையை நிறுத்தவும் கூடாது. லேப்டாப் பழுது என்பது கடன் கொடுத்தவருக்குக் காரணமாகாது. உங்கள் சிபில் மதிப்பெண்தான் விழும். கட்டிய தவணையும் வட்டியும் பின்னால் நஷ்டக் கணக்கில் கேட்கலாம்.

எழுத்தில் கேட்பது

ரிப்பேர் செய்தும் பழுது திரும்பி வந்துவிட்டது. இப்போது கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. உங்கள் பெயரில் நீங்களே எழுதலாம். திட்ட வேண்டாம், கதை வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“இன்ன தேதியில், இன்ன எண் பில்லின்படி இந்த லேப்டாப்பை 54,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் சீரியல் எண் இது. வாங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து மூடியைச் செங்குத்துக்கு மேல் சாய்த்தால் திரையில் கோடு விழுகிறது. இந்தத் தேதிகளில் சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தேன். ஜாப் ஷீட் நகல்களை இணைத்துள்ளேன். ஒவ்வொரு முறை சரிசெய்து கொடுத்த பிறகும் அதே பழுது வருகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அதே தரத்தில் புதிய லேப்டாப் தர வேண்டும், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்வேன்.”

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பில்லோடு சேர்த்து வையுங்கள்.

இதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். தமிழில் பேசலாம், காசு கிடையாது. கம்பெனிக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. புகாரைக் கம்பெனியின் மேலிடத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். கவுன்டரில் முட்டி நிற்கிற புகார் மேலிடத்துக்குப் போவதே பல நேரம் போதுமானதாக இருக்கும். அந்த மாணவிக்குக் கேபிள் மாற்றிய பிறகும் கோடு திரும்ப வந்தது. கடிதமும் 1915 புகாரும் சேர்ந்து போன பிறகு கம்பெனியே வேறு லேப்டாப் கொடுத்தது.

ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால்

பயப்பட ஒன்றுமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. கேட்கிற நஷ்ட ஈட்டை வைத்து இதைக் கணக்கிடுவதில்லை, கொடுத்த விலையை வைத்துத்தான். கம்பெனி பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கலாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம். 34-ஆம் பிரிவு தருகிற இந்த வசதி 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவேற்றலாம். பழுது வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்; கடைசி மாதம்வரை காத்திருக்காதீர்கள்.

கடை, கம்பெனி இருவரையும் எதிர்தரப்பில் சேருங்கள். ஆன்லைன் என்றால் பில்லில் பெயர் இருக்கும் விற்பனையாளரையும், தளத்தையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவர்கள் பக்கம் வருகிற வாதங்களில் முக்கியமானது, ‘உற்பத்தியிலேயே குறை என்பதற்கு நிபுணர் அறிக்கை இல்லை’ என்பது. பல புகார்கள் இங்கேதான் சரிகின்றன. பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க 38-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நீங்களே மனுவில் கேளுங்கள், சோதனைக் கட்டணம் உங்கள் தலையில் விழலாம். ஒரே பழுது ஒரே சொல்லில் ஏறிய ஜாப் ஷீட்டுகள் அடுக்காக இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு வாதம், ‘இவர் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல’ என்பது. பில்லில் உங்கள் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கியிருந்தால் இது நிச்சயம் வரும். சுயதொழிலில் பிழைப்பு நடத்தத் தன் கைக்கு வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. டிடிபி அடிக்கிறவர், போட்டோ எடிட் பண்ணுகிறவர், வீட்டிலிருந்து டியூஷன் எடுக்கிறவர் எல்லாம் அந்த விளக்கத்தை மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது.

நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்தரப்பு பதில் தர வேண்டும். மேற்கொண்டு 15 நாள்தான் நீட்டிக்கலாம். மூன்று மாதம், ஆய்வகச் சோதனை இருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் போய் உட்காருங்கள். மாணவர்களுக்கு இரண்டு வருடம் கழித்து வரும் தீர்ப்பைவிட இந்த மாதம் வரும் லேப்டாப் பெரிது என்பது என் எண்ணம்.

தொகை கேட்கும்போது விலை, வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 54,000 ரூபாய் லேப்டாப்புக்கு 10 லட்சம் கேட்டால் உங்கள் மீதி வாதங்களின் மதிப்பும் குறையும்.

உத்தரவு வந்த பிறகு 45 நாளுக்குள் அவர்கள் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவான பணத்தில் பாதியைக் கட்டித்தான் செய்ய முடியும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. அதுவரை லேப்டாப், சார்ஜர், பெட்டி எதையும் விற்கவோ எக்ஸ்சேஞ்சில் தள்ளவோ வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் உத்தரவில், பழுதான பொருளை ஒப்படைக்க வேண்டும் என்ற வரியும் பெரும்பாலும் கூடவே வரும்.